சதுரங்கக் கல்யாணம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நானும் என் தோழியும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம். நாங்கள் பழகத் தொடங்கியதே ஒரு செஸ் டோர்னமென்ட்டில்தான். அன்று அவள் என்னைத் தோற்கடித்தாள். நான் இந்துக் குடும்பம், அவள் கிறிஸ்தவக் குடும்பம். ஐயர், பாதிரியார், தாலி எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மேடை முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம், காய்களின் வேடத்தில் நண்பர்கள், நடுவில் நாங்கள் இருவரும் ஓர் ஆட்டம். பேனரில் ‘ராணியை வென்ற ராஜா’ என்று போடுகிறோம். அவள் கறுப்புப் பட்டு கட்ட ஆசைப்படுகிறாள். அதைக் கேட்டதிலிருந்து அம்மா அழுகிறார். பெரியப்பா, “இது கல்யாணமா, பள்ளிக்கூட ஆண்டு விழாவா?” என்கிறார். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. கறுப்பு கட்டலாமா? அம்மாவை எப்படிச் சமாதானப்படுத்துவது?

(பெயர் வேண்டாம்), கோவை

அன்புள்ள தம்பி,

போன வாரம்தான் அத்தையின் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒழுங்குபடுத்தினேன். அடியில் ஒரு நோட்டுக் காகிதம் நாலாக மடித்துக் கிடந்தது. மாமாவின் கையெழுத்தில் நான்கு வரி: இன்று முதல் இவரை என் வாழ்க்கைத் துணையாக ஏற்கிறேன், இன்பதுன்பத்தில் சரிபாதி. கீழே மாமா பெயர். அதற்கும் கீழே, அழுத்தி எழுதியதில் மை பரவிப்போன அத்தையின் பெயர். தேதி 1961. மறுநாள் உங்கள் கடிதம் வந்தது.

அவர்களுடையது சுயமரியாதைத் திருமணம். பெரியார் 1928இல் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்த சுக்கிலநத்தம், அருப்புக்கோட்டை வட்டாரத்தில் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். மாமாவும் செஸ் பிரியர். திண்ணையில் கரிக்கட்டியால் கட்டம் போட்டு அத்தைக்குச் சொல்லிக்கொடுத்தார். அது நாட்டு ஆட்டம். சிப்பாய் ஒரு கட்டம்தான் நகரும், அதுவரை செக் வாங்காத ராஜாவுக்கு ஒரே ஒரு தடவை குதிரைத் தாவல் உண்டு. அத்தை அந்தத் தாவலைக் கடைசிவரை பத்திரப்படுத்தி வைத்திருப்பார்.

மாமா செத்தபோது அவர்கள் பையனுக்கு இரண்டு வயது. காரியம் முடிந்த பத்தாம் நாளே கொழுந்தன்மார் வந்து, “சடங்கு நடக்கல, ஐயர் வரல, நீ எங்க அண்ணன் பொண்டாட்டியே கிடையாது, பிள்ளைக்குப் பங்கு இல்ல” என்றார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்குத் தைரியம் தந்தது 1953 தீர்ப்பு. சடங்கும் இல்லாத, வழக்கத்தாலும் நிலைபெறாத அந்தத் திருமணங்கள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அண்ணா ஆட்சியில் 1967இல் கொண்டுவந்த திருத்தம் 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு. உற்றார் நண்பர் முன்னால் இருவரும் தமக்குப் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டதாகச் சொன்னால் போதும், மாலையோ மோதிரமோ மாற்றினாலும் போதும். முன்பு நடந்தவையும் செல்லும் என்று அதிலேயே இருந்தது. அன்று தெருக்குழாயடியில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அத்தை சத்தமாகக் கேட்டாராம்: “இப்ப என்ன சொல்லுதீக?”

இதை ஏன் இத்தனை நீளமாகச் சொல்கிறேன்? உங்கள் கடிதத்தில் கட்டம் இருக்கிறது, வேடம் இருக்கிறது, முன்பணம் இருக்கிறது. பதிவு பற்றி ஒரு வார்த்தை இல்லை! 7ஏ உங்களுக்குப் பொருந்தாது, தம்பி. இருவரும் சட்டப்படி இந்துக்களாக இருந்தால்தான் அது. உங்களுக்கானது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதன்பிறகு 30 நாள் காத்திருக்க வேண்டும். நீங்கள் சொல்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு இன்றிலிருந்து 26 நாள்தான் இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்தாயிற்றா? கொடுத்திருந்தால் இந்தத் திட்டை என்மேலேயே திருப்பிவிடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். கொடுக்கவில்லையென்றால் தேதியைத் தள்ளுங்கள். முன்பணம் போனால் போகட்டும். ‘விழா முதலில், பதிவு பிறகு பார்த்துக்கலாம்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தப் ‘பிறகு’ வருவதற்குள் என்னவெல்லாம் நடக்கும் என்பதை அத்தையின் முகத்தில் பார்த்து வளர்ந்தவள் நான்.

அதே சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். இரு தரப்பும் விரும்புகிற எந்த வடிவத்திலும் திருமணத்தை நடத்தலாம் என்கிறது. சதுரங்கமும் அதில் அடங்கும்! ‘இன்னாரை என் சட்டப்படியான கணவராக, மனைவியாக ஏற்கிறேன்’ என்பதை மட்டும் அலுவலர், மூன்று சாட்சிகள் முன்னால் இருவரும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். கூடுதல் கட்டணம் கட்டினால் அலுவலர் மண்டபத்துக்கே வரவும் வழி உண்டு. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது மைக்கில் பாட்டு ஓடக்கூடாது, குதிரை வேடக்காரர் மேடையில் குதிக்கக்கூடாது. டோர்னமென்ட்டில் ஆட்டம் முடிந்ததும் இருவரும் இரண்டு ஸ்கோர்ஷீட்டிலும் கையெழுத்துப் போடுவீர்கள் இல்லையா? உங்கள் உறுதிமொழியை அப்படி இரண்டு தாளில் எழுதி, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா சொன்னதை விடுங்கள். சாப்பாடு நன்றாக இருந்தால் மறந்துவிடுவார்.

பேனரை மட்டும் விட மாட்டேன். நீடாமங்கலம் பக்கத்துப் பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. ராஜகுமாரியை ஆட்டத்தில் வென்று சிவன் மணந்தார் என்பது தலபுராணம். கதையாகக் கேட்க அழகுதான். ஆனால் பகுத்தறிவுக் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டு நீங்களும் பெண்ணைப் பந்தயப் பொருளாக்கலாமா? அதுவும் ஜெயித்தவள் அவள்! பழைய சதுரங்கத்தில் ராணியின் இடத்தில் நின்றது மந்திரி, மூலைவாட்டில் ஒரே கட்டம் நகரும். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில்தான் பலகை முழுக்கப் பாயும் ராணியானது. அத்தனை வலிமையுள்ள காயைப் பேனரில் பரிசுக் கோப்பையாக நிறுத்தாதீர்கள். அச்சுக்குப் போயிருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

கறுப்புப் பட்டு கேட்டிருந்தீர்கள். கட்டட்டும். அத்தையின் பெட்டியில் அந்தக் காகிதம் சுற்றியிருந்ததே கறுப்புச் சேலையில்தான், சிவப்புக் கரை, 1961இல் கட்டியது. அம்மாவிடம் கொள்கை பேசாதீர்கள். ஐயர் இல்லாத மேடையில் தன் இடம் எது என்று தெரியாமல் அழுகிறார் பாவம். மூன்று சாட்சிகளில் முதல் கையெழுத்து அவருடையது என்று சொல்லிப் பாருங்கள்.

நோட்டீஸ் கொடுத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா