வீடு கட்டமுன் காணியைப் பாருங்கள்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி வெக்கையைப் பற்றியது. மற்றப் பாதி கிணறு, கரண்ட்.

கொக்குவிலில் கொங்கிறீற் கூரை வீடு. இரவு பதினொரு மணிக்கும் மேலறையில் படுக்க முடியவில்லை. ஏசி பூட்டலாமா?

பூட்டலாம், ஆனால் முதலில் கூரையைக் கவனியுங்கள், இல்லாவிட்டால் கொங்கிறீற்றைக் குளிராக்கவே மாதாமாதம் காசு கட்டுவீர்கள். யாழ்ப்பாணத்தில் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி ஒருமுறை, ஓகஸ்ட் கடைசியில் இன்னொருமுறை சூரியன் நேரே உச்சிக்கு வரும். பகல் முழுக்கக் குடித்த சூட்டைக் கொங்கிறீற் இரவில்தான் கீழே விடும். மேலே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். கை கொஞ்சம் தாராளம் என்றால், இடையில் காற்று ஓட இடம்விட்டு மேலே ஒரு நிழற்கூரை போடுங்கள். அதற்குப் பிறகும் வெக்கை என்றால் சின்ன ஏசி போதும்.

கனடாவில் இருக்கிறேன். இணுவிலில் அம்மாவுக்கு வீடு கட்டுகிறேன். மேற்கு வாசல், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, மாடியில் நாலு அறை. பிளான் சரியா?

பிளானில் அம்மா எங்கே இருக்கப்போகிறார் என்று தேடினேன். மாடிப்படிக்குப் பின்னால், மேற்குச் சுவரோடு ஒரு சின்ன அறை! கனடாவில் கண்ணாடி குளிர்கால வெயிலை உள்ளே கொண்டுவரும், நல்லது. இங்கே பின்னேரம் மூன்று மணி வெயில் அதே கண்ணாடிக்குள்ளால் வந்தால், திரை போட்டு மூடிவிட்டுப் பகலிலேயே லைட் போட்டுக்கொண்டு இருப்பார்.

மேற்குப் பக்கத்துக்குக் குளியலறை, களஞ்சிய அறை, மாடிப்படி எல்லாவற்றையும் தள்ளுங்கள். வைகாசியிலிருந்து சோளகக் காற்று தென்மேற்கால் வரும், அம்மாவின் அறைக்குத் தெற்கில் ஒரு யன்னலும் எதிர்ச்சுவரில் ஒன்றும் வையுங்கள், காற்று உள்ளே வந்தால் மட்டும் காணாது, வெளியே போகவும் வழி வேண்டும். வடக்குச் சுவர் நிழல்தானே என்று தாழ்வாரத்தைக் குறைக்காதீர்கள். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு ஓகஸ்ட் கடைசி வரை மத்தியான வெயில் வடக்கால்தான் விழும்.

நாலு அறையும் இப்போதே வேண்டுமா? நடுவில் முற்றம், சுற்றி விறாந்தை, இரண்டு அறை, அவ்வளவும் கீழே. வருடத்தில் மூன்று கிழமை வருகிறவர்களுக்காகப் பதினொரு மாதம் பூட்டிக்கிடக்கும் மாடியை யார் கூட்டுவது? மிளகாய் எங்கே காயப்போடுவார், கேற்றடிக்கு வருகிறவரை எங்கே இருந்து பார்ப்பார் என்று அவரிடமே கேட்டுவிட்டு மேசனிடம் போங்கள். அப்புறம், வெட்டுவதற்குக் குறித்திருக்கும் அந்த வேம்பு மேற்கில் நிற்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

இரண்டு பரப்புக் காணி. மலசலகூடக் குழியை எங்கே வைப்பது?

கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் எட்டிப் பாருங்கள், பலர் தங்கள் கிணற்றை மட்டும்தான் அளக்கிறார்கள். நம் நிலம் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் துளையுமாக இருக்கும். குழித் தண்ணீர் வடிகட்டப்படாமலே நிலத்தடி நீரில் கலந்துவிடும். அதனால் அடி திறந்த குழி வேண்டாம், அடியும் சுவரும் பூசி மூடிய தொட்டிதான் கட்டவேண்டும். நிரம்பினால் பவுசர் வந்து உறிஞ்சட்டும், அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

மழைத்தண்ணீரையும் விடாதீர்கள். 1000 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 4600 லீற்றர் விழும், கொஞ்சம் சிந்தினாலும் 4000க்குக் குறையாது. முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு மற்றதைப் பீலியால் தொட்டிக்கு எடுங்கள். மிஞ்சியதைக் கழிவுத் தொட்டிக்குத் தூரமாக நிலத்துக்குள் இறக்குங்கள். நிலத்துக்குக் கீழே நல்ல தண்ணீர் உவர்நீருக்கு மேலேதான் மிதக்கிறது. மோட்டரால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உவர் மேலேறும்.

சோலார் பூட்டினால் கரண்ட் போனாலும் வீட்டில் லைட் எரியுமா?

பற்றரி இல்லாத சாதாரண இணைப்பு என்றால் எரியாது. வெளி லைனில் வேலை செய்கிறவருக்கு அடிக்காமல் இருக்க, கரண்ட் போனதும், சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேட்டர் தானாகவே நின்றுவிடும். விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்கவேண்டும். தென்னை நிழல் விழாத இடமா என்பதையும் காலை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு முற்பணம் கொடுங்கள்.