புகாருக்கு முன்னும் பின்னும்: ஆய்வு நேர்மை பற்றிய கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: ஐயா, ஆய்வு நேர்மை அலுவலர் என்கிறார்களே, அவரை எங்கே போய்ப் பார்ப்பது?

அந்தப் பதவிப் பெயர் அமெரிக்க விதிகளில் உள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளில் அப்படி ஒரு தனி அலுவலர் இல்லை, இரண்டு குழுக்கள்தான் உண்டு. துறைக் குழுவில் மூவர்: துறைத்தலைவர், வேறு துறையின் மூத்த பேராசிரியர், ஒப்புமை மென்பொருள் (ஏட்டில் பிறர் எழுத்தோடு ஒத்த பகுதி எத்தனை சதவீதம் என்று காட்டுவது) தெரிந்தவர். அதற்கு மேலுள்ள நிறுவனக் குழுவில் நால்வர், அதில் ஒருவர் வெளி நிறுவனத்தவர். ஒவ்வொரு குழுவுக்கும் 45 நாள் கெடு. புகாரைக் கொடுக்கும்போதே தேதி முத்திரையுடன் ஒப்புகை வாங்கிவிடுங்கள், நாள் கணக்குக்கு அதுதான் ஆதாரம். புகார் துறைத்தலைவர் மீதே என்றால் நேராக நிறுவனக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும்.

சித்தூரிலிருந்து (பாலக்காடு): சார், என் ஆய்வேட்டில் ஒப்புமை மென்பொருள் 14% காட்டுகிறது. பாதிக்கு மேல் சங்கப் பாடல் வரிகள். தண்டனை உண்டா?

10% வரை தண்டனை இல்லை. 40% வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60% வரை போனால் திருத்திய ஏட்டை ஓராண்டுக்குத் தர முடியாது. அதற்கும் மேலே பதிவே ரத்து. ஆனால் முறையாக மூலம் காட்டிய மேற்கோளும் நூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேராது. பாடலை உள்தள்ளி மட்டும் அச்சிட்டு மேற்கோள் குறி போடாவிட்டால் மென்பொருள் அதை உங்கள் சொந்த வரியாகவே எண்ணிவிடலாம். குறியிட்டு, மேற்கோளையும் நூற்பட்டியலையும் விலக்கும் மென்பொருள் தேர்வுகளை இயக்கி, மறுபடி ஓட்டுங்கள்.

நகரியிலிருந்து: பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஏட்டுக்கு 0% வந்தது. நல்லதுதானே?

அந்த 0% எதையும் காட்டாது. மென்பொருளின் கண்ணுக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல், ஒப்பிட எதுவும் கிடைக்காது. யூனிகோடுக்கு மாற்றி, கொம்பும் காலும் சரியாக விழுந்தனவா என்று பார்த்து, மீண்டும் சோதியுங்கள். படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃபுக்கும் இதே கதிதான்.

பாலக்காட்டிலிருந்து: மலையாளக் கட்டுரையை அப்படியே தமிழாக்கித் தன் பெயரில் போட்டிருக்கிறார் ஒருவர். மென்பொருள் 4% என்கிறது. என்ன செய்வது ஐயா?

மூலம் சொல்லாத மொழிபெயர்ப்பும் திருட்டே. எல்லைப் பகுதியில் என்னை அதிகம் வருத்துவது இதுதான், ஏனென்றால் பெரும்பாலும் எண்ணில் சிக்காமலே தப்பிவிடுகிறது. இதற்குக் கண்ணால் படிப்பதுதான் வழி. மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை போடுங்கள்: மூலத்தின் பக்கமும் வரியும், ஏட்டின் பக்கமும் வரியும், எது ஒத்துப்போகிறது என்பது. வாதங்களின் வரிசை, எடுத்துக்காட்டுகளின் வரிசை, குறிப்பாக மூலத்திலிருந்த பிழைகள் (தவறான ஆண்டு, தவறான பக்க எண்) அப்படியே வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே பிழை இரண்டு இடத்தில் தானாக முளைப்பது அரிது.

சொற்களும் துப்புக் கொடுக்கும். ‘அவசரம்’ என்பது மலையாளத்தில் வாய்ப்பு, தெலுங்கில் தேவை. தமிழ் வாக்கியத்தில் பொருந்தாத இடத்தில் அது நின்றால் மூலம் எந்த மொழி என்று ஊகிக்கலாம். ஆனாலும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் பேச்சிலேயே இரு மொழியும் கலந்திருக்கும். ஒற்றைச் சொல்லை வைத்து யாரையும் குற்றம் சாட்டிவிடாதீர்கள். இரு மொழியும் அறிந்த ஒருவரிடம் அட்டவணையைச் சரிபார்க்கச் சொல்லிக் குழுவிடம் கேளுங்கள்.

குப்பத்திலிருந்து: ஆய்வகத் தரவைத் திருத்தியதாகச் சந்தேகம் வந்தால் விசாரணைக் குழுவின் முதல் வேலை எது?

சான்றுகளைக் காப்பது. சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் போகும் முன்பே, தாமதமானால் அதே நேரத்தில், ஆய்வக நோட்டு, கருவியின் மூலக் கோப்புகள், வன்தட்டின் முழுப் பிரதி எல்லாம் குழுவின் கையில் இருக்க வேண்டும். எடுத்த ஒவ்வொன்றுக்கும் பட்டியல் போட்டு, கையெழுத்துடன் ரசீது தர வேண்டும். அவர் வேலை நிற்காதபடி நகலும் கொடுக்க வேண்டும். தகவல் முதலில் போய், பறிமுதல் மூன்று நாள் கழித்து நடந்தால், எதையாவது அழித்தாரா இல்லையா என்று பிறகு நிறுவுவது கடினம். நேர்மையானவருக்கும் அது தீராத பழியாகிவிடும்.

செங்கோட்டையிலிருந்து: பெயர் போடாமல் புகார் கொடுத்தால் எடுப்பார்களா?

உங்கள் பெயர் இல்லாவிட்டாலும், நிறுவனம் தானாகவே முன்வந்து விசாரணை எடுக்க விதி இடம் தருகிறது. ஆகவே அட்டவணையும் மூலப் பிரதியும் இணைத்து, உங்கள் சாட்சியம் இல்லாமலே நிற்கும்படி எழுதுங்கள். வெறும் சந்தேகத்தை மட்டும் எழுதினால் அது கோப்பிலேயே கிடக்கும்.