பட்டா ஒருவர் பெயரில், ஏர் இன்னொருவர் கையில்

கேள்வி: நான் வில்லிவாக்கத்தில் வசிக்கிறேன்; தனியார் நிறுவனத்தில் பணிபுரிந்து, வருமான வரி செலுத்தி வருகிறேன். மன்னார்குடி அருகே என் தந்தையின் பெயரில் 3 ஏக்கர் நஞ்சை உள்ளது. அவர் சென்ற ஆண்டு காலமான பிறகும், விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் உதவித்தொகை இரண்டு தவணைகள் அவருடைய வங்கிக் கணக்கில் வரவாகியுள்ளன. அந்தப் பணத்தை நாங்கள் வைத்துக்கொள்ளலாமா? இனி அது என் பெயருக்கு மாறுமா? எங்கள் நிலத்தைப் பல ஆண்டுகளாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர், தமக்கு இதில் ஒன்றும் கிடையாதா என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தந்தையார் மறைந்த பிறகு வந்த இரண்டு தவணைகளும் உங்கள் குடும்பத்துக்குச் சேர வேண்டியவை அல்ல. இறப்புச் சான்றிதழின் நகலுடன் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, தொகையைத் திருப்பிச் செலுத்திவிடுங்கள். 2020-ஆம் ஆண்டில் தமிழகத்தில் தகுதியற்றவர்கள் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் தவறானவர்களைச் சென்றடைந்ததும், பின்னர் அதை அவரவர் கணக்குகளிலிருந்து மீட்க நடவடிக்கை எடுக்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

உங்கள் பெயருக்கு இது மாறாது. கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி செலுத்தியவருக்கு ஆண்டுக்கு மூன்று தவணைகளாக வழங்கப்படும் இந்த 6,000 ரூபாய் கிடையாது. ஆனால் இத்திட்டத்தில் குடும்பம் என்பது கணவன், மனைவி, 18 வயது நிறையாத பிள்ளைகள் மட்டுமே என்பதால், உங்கள் தாயார் இருந்தால் அவர் தனிக் குடும்பமாகவே கருதப்படுவார். 1.2.2019-க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்கு உதவி இல்லை என்ற விதியிலும், உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. ஆகவே வாரிசுச் சான்றிதழ் பெற்றுப் பட்டாவை மாற்றிக்கொண்டால், வேறு தகுதிக் குறைவு இல்லாத நிலையில், தாயார் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

உங்கள் மூன்றாவது கேள்வியே என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. உதவித்தொகை பட்டாவைப் பார்த்து வருகிறதே தவிர, ஏரைப் பார்த்து வருவதில்லை. 2019-இல் முதலில் 2 ஹெக்டேர் வரை நிலமுள்ளவர்களுக்கென்று தொடங்கி, அதே ஆண்டில் நில உரிமையாளர் அனைவருக்கும் விரிவுபடுத்தியபோதும், விதையும் உரமும் வாங்கிக் கடன்பட்டு, வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஈடுகொடுக்கும் குத்தகைச் சாகுபடியாளரைச் சேர்க்கவில்லை. இது இத்திட்டத்தின் பெருங்குறை என்றே நான் கருதுகிறேன். அதே 2019-இல் ஒடிசா அரசு தொடங்கிய காலியா என்ற உழவர் உதவித் திட்டத்தில் நிலமற்ற வேளாண் குடும்பங்களுக்கும் இடம் தரப்பட்டது என்பதால், இது செய்ய முடியாத காரியமுமல்ல.

ஆயினும் அவருக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். சம்பா நெல்லுக்கு விவசாயி செலுத்த வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். அதற்குக் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில் (பயிர்ப் பதிவேட்டில்) சாகுபடி செய்பவராக அவர் பெயர் இருக்க வேண்டும். வாய்மொழிக் குத்தகையாகவே இருப்பதால், நம் டெல்டாவில் பல இடங்களில் அடங்கலிலும் உரிமையாளர் பெயரே எழுதப்பட்டு, பயிர் அழிந்தால் இழப்பீடும் அவருக்கே போய்விடுகிறது. பெயரைப் பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் நிலக்காரர்களுக்கு இருப்பதை அறிவேன். அடங்கல் பதிவு என்பது யார் பயிரிட்டார் என்பதற்கான குறிப்பே ஒழிய, அது நிலத்தின் உடைமையை மாற்றுவதில்லை. குத்தகை உரிமையைத் தாசில்தாரிடம் பதிவதற்கென 1969-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே இருக்கிறது. அதன்படி பதிவதானால் இருவரும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள்.

வரும் சம்பா நடவுக்கு முன்பே ஒருமுறை ஊருக்குச் சென்று, குத்தகைதாரரையும் உடன் அழைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். உரிமையாளர் குடும்பமே நேரில் வந்து சொன்னால், அவர் பெயர் அடங்கலில் ஏறுவது எளிதாகும்.