சுற்றளவு கூடினால் பரப்பளவும் கூடும் என்றே நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள் அடம்பிடிக்கிறாள். எப்படிப் புரியவைப்பது?

உங்கள் மகள் நினைப்பதைத்தான் என் மாமனாரும் நினைத்தார். அவளுக்கு ஒன்பது வயது இருக்கும். அவருக்கு அப்போது 61. அதனால் முதலில் அவளைத் திட்டாதீர்கள்.

நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் 17 வருடமாக நாலாம், ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். கணிதத்தில் பட்டம் வாங்கியவள் இல்லை. பெரிய கணக்கு வாத்தியார்கள் யாராவது படித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இரண்டு சூத்திரத்தையும் ஒரே சாயங்காலத்தில் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை ஒரு வாரம் மறந்துவிடுங்கள். 24 அடிக் கயிறு ஒன்றை எடுத்து இரண்டு முனையையும் சேர்த்து முடிந்துவிடுங்கள். வீடு கட்டும் இடத்தில் மிஞ்சிய ஓரடி டைல்ஸ் 36 கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பழைய காலண்டர் அட்டையை ஓரடிக்கு ஓரடி வெட்டினாலும் போதும். கயிற்றைத் தரையில் செவ்வகமாக விரித்து, உள்ளே டைல்ஸை அடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் கஷ்டம்.

11-க்கு 1 வைத்தால் 11 டைல்ஸ்தான் பிடிக்கும். 10-க்கு 2 என்றால் 20. அப்புறம் 27, 32, 35. 6-க்கு 6 வைத்தால் 36. கயிறு அதே 24 அடிதான். என் வகுப்பில் இதைச் செய்தபோது கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "டீச்சர், கயித்த ரெண்டா மடிச்சு அப்படியே நீட்டிட்டா உள்ள ஒண்ணுமே இருக்காதே" என்றான். 12-க்கு 0! நான் அதை யோசித்ததே இல்லை. பரீட்சையில் அவன் வாங்கும் மார்க்கைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அவளுடைய வாதத்தை உடைக்க இன்னும் ஒன்று இருக்கிறது. கயிற்றில் நாலடி குறைத்து 20 அடியாக்கி, 5-க்கு 5 வைக்கச் சொல்லுங்கள். 25 டைல்ஸ் பிடிக்கும். 24 அடிக் கயிற்றில் 11-க்கு 1 வைத்தபோது 11தானே பிடித்தது? கயிறு குறைந்தும் இடம் கூடிவிட்டது. அங்கே அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். இருக்கட்டும்.

அவள் சொல்வது முழுத் தப்பும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள். அகலத்தை அப்படியே விட்டு நீளத்தை மட்டும் கூட்டினால் இரண்டும் கூடத்தான் செய்யும். குழந்தைகள் நோட்டில் பார்ப்பதெல்லாம் அப்படிப்பட்ட படங்கள்தான். பிறகு எப்படி வேறு மாதிரி நினைப்பார்கள்? இன்னொன்று, 4-க்கு 4, 6-க்கு 3 ஆகிய இரண்டையும் முதல் நாள் எடுத்துக்காட்டாகக் கொடுத்துவிடாதீர்கள். முதலாவதில் இரண்டு விடையும் 16, அடுத்ததில் இரண்டும் 18. அடியும் சதுர அடியும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று பிள்ளை முடிவுகட்டிவிடும்.

"டைல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தால் போர்ஷன் எப்போது முடியும்" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். எனக்கு முடிந்திருக்கிறது. சூத்திரத்தை அவர்களே கண்டுபிடித்துவிட்டால் பயிற்சிக் கணக்குகள் தானாக ஓடும்.

எங்கள் பக்கத்தில் வேறொரு தொல்லையும் உண்டு. தமிழில் சதுரம் என்றால் நாலு பக்கமும் சமம். மலையாளத்தில் சதுரம் என்றால் செவ்வகம், நம் சதுரம் அவர்களுக்குச் சமசதுரம். அகலத்துக்கு அவர்கள் சொல்வது வீதி. தெருவில் மலையாளப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வரும் என் பிள்ளைகள், "சதுரத்தோட வீதி எவ்வளவு டீச்சர்" என்பார்கள். கோயம்புத்தூரில் இதைக் கேட்டால் சதுரமான தெருவைத் தேடுவார்கள். நல்லவேளை, சுற்றளவும் பரப்பளவும் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புக்குப் போனால் எல்லாமே மலையாளத்தில்தான் நடக்கும். நாங்கள் குறிப்பெடுத்து, ராத்திரி உட்கார்ந்து தமிழாக்கி, மறுநாள் வகுப்புக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு நன்றி கிடையாது. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால், "உங்க தமிழ்ல மலையாள வாடை அடிக்குது" என்பார்கள். சரி, அது இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லை.

மாமனார் கதைக்கு வருகிறேன். அவருக்கு ஐந்து சென்ட் வாங்க வேண்டும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஐந்து சென்ட் 2178. புரோக்கர் இரண்டு மனை காட்டினார். ஒன்று 66-க்கு 33. இன்னொன்று 99-க்கு 22. பெருக்கிப் பாருங்கள், இரண்டும் அதே 2178தான். விலையும் ஒன்றுதான். மாமனார் இரண்டையும் சுற்றி நடந்து பார்த்தார். இரண்டாவதைச் சுற்ற அதிக நேரம் ஆனதாம். "இது பெருசு மா, அவனுக்கே தெரியல, பேசாம வாங்கிடலாம்" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். நான் பேப்பரில் போட்டுக் காட்டினேன். "பள்ளிக்கூடக் கணக்க இங்க கொண்டுவராத" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச முடியாது.

வாங்கினோம். இரண்டு பக்கமும் இடம் விட்டுக் கட்டியதில் வீடு ரயில் பெட்டி மாதிரி வந்தது. வாசலில் நின்று கூப்பிட்டால் அடுப்படியில் கேட்காது. காம்பவுண்டுச் சுவருக்கு ஆள் வந்து அளந்தபோதுதான் சூடு பட்டது. முதல் மனையாக இருந்தால் சுற்றி 198 அடி. இது 242. அதே ஐந்து சென்டுக்கு 44 அடிச் சுவர் கூடுதல்.

போன வருடம் பேத்திக்கு முற்றத்தில் கயிறும் அட்டையும் வைத்து நான் சொல்லிக் கொடுத்தபோது மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு முழுதாகப் பார்த்தார். முடிந்ததும், "இதெல்லாம் எனக்கு அப்பவே தெரியும்" என்றார். பின்பக்கம் 44 அடிக்கு இன்னும் ஓலை வேலிதான் நிற்கிறது.