ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு வயிறு உப்புசம்

பல்வலிக்கு 5 நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டதிலிருந்து வயிறு உப்புசம், கூடவே நைட் ஷிஃப்ட், நள்ளிரவு 2 மணிக்குப் பரோட்டா என்று எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள். அந்த மருந்து கெட்ட கிருமியோடு குடலின் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். அவை திரும்பப் பெருகச் சில வாரமாவது ஆகும். ஆனால் அந்த நள்ளிரவுப் பரோட்டாவை முதலில் விடுங்கள். குடல் பாக்டீரியாவுக்கும் பகல், இரவு உண்டு, நடுராத்திரிச் சாப்பாடு அதைக் குழப்பும். மைதாவில் அவை தின்ன நார்ச்சத்தும் அதிகம் இல்லை. கீரை, அவரைக்காய், கொண்டைக்கடலை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், ஒரேயடியாகக் கூட்டினால் உப்புசம் ஏறும். அப்புறம் பழைய சோறு. ராத்திரி ஊறவைத்த நீர் காலையில் லேசாகப் புளித்து, ஓரத்தில் சின்னக் குமிழ்கள் நிற்கும். அதில் மோர் விட்டுக் கரைத்துக் குடியுங்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல், நிற்காத வயிற்றுப்போக்கு என்றால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.