மக்பெத்தின் ரத்தமும் தண்ணீரும்

அன்புள்ள ஐயா,

ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தை இப்போதுதான் முழுசாக வாசித்து முடித்தேன். கல்லூரியில் ரத்தம், இருட்டு, தூக்கம், ஆடை என்று படிமங்களை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சொற்சித்திரங்களை, பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கினேன். இன்று வாசிக்கும்போது அந்தப் பட்டியல்தான் குறுக்கே வந்து நிற்கிறது. இந்த அணிகளெல்லாம் இல்லாவிட்டாலும் இது துன்பியல் நாடகம்தானே? இவற்றை எப்படித்தான் வாசிப்பது?

ச.

அன்புள்ள ச.,

பட்டியலை ஓரமாக வைத்துவிடுங்கள். ரத்தம் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பயனில்லை. யார் வாயில் வருகிறது, அப்புறம் யாரிடம் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். மக்பெத்தின் துயரம் அந்தக் கைமாற்றத்தில்தான் இருக்கிறது என்பேன்.

இரண்டாம் அங்கத்தில் கொலை நடக்கும் இரவை எடுத்துக்கொள்வோம். தளபதி மக்பெத், மனைவியின் தூண்டுதலில், டங்கன் மன்னனைக் குத்திக் கொல்கிறான். அதை ஷேக்ஸ்பியர் மேடையில் காட்டுவதில்லை. வெளியே வரும் மக்பெத்தின் கைகளைத்தான் காட்டுகிறார். கடல் தெய்வமான நெப்டியூனின் பெருங்கடல் முழுவதும் சேர்ந்தாலும் இந்தக் கையைக் கழுவுமா என்று கேட்கிறான். கழுவாது, இந்தக் கைதான் பச்சைக் கடலையெல்லாம் சிவப்பாக்கும் என்று அவனே சொல்லிக்கொள்கிறான். அந்த வரி முடிந்ததும் அவன் மனைவி வருகிறாள். கத்திகளைத் திரும்ப வைத்து, தூங்கும் காவலர்கள்மேல் ரத்தத்தைப் பூசிவிட்டு வருகிறாள். அவள் கையும் சிவப்புதான். கொஞ்சம் தண்ணீர் பட்டால் இந்தக் காரியம் கழுவிப் போய்விடும் என்கிறாள்.

உயர்வு நவிற்சி என்று ஓரத்தில் குறித்துவிட்டு இதைத் தாண்டிவிடலாம். தாண்டாமல் ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சிக்கு வாருங்கள். இப்போது அரசியாகிவிட்ட அந்த மனைவி தூக்கத்தில் நடக்கிறாள். மருத்துவரும் பணிப்பெண்ணும் மறைவில் நின்று பார்க்கிறார்கள். அவள் கைகளைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். கால் மணி நேரம்கூட இப்படியே தேய்த்துப் பார்த்திருக்கிறேன் என்கிறாள் பணிப்பெண். அரேபியாவின் வாசனைத் திரவியம் அத்தனையும் இந்தச் சின்னக் கையை மணக்க வைக்காது என்று புலம்புகிறாள் அரசி. அன்று கணவன் சொன்ன கடல் இப்போது அவளிடம் வந்துவிட்டது. அதுவரை கம்பீரமான செய்யுளில் பேசியவளுக்கு இந்தக் காட்சியில் துண்டு துண்டான உரைநடைதான் மிச்சம். அதையும் கவனியுங்கள்.

மக்பெத் என்ன ஆனான்? மூன்றாம் அங்கத்திலேயே ரத்த ஆற்றில் பாதி தூரம் இறங்கிவிட்டேன், திரும்புவதும் கடப்பதும் ஒரே சலிப்புதான் என்கிறான். கடைசியில் பெண்களின் அலறல் கேட்கும்போது, அச்சத்தின் ருசியே மறந்துவிட்டது என்கிறான். நடுங்கியவன் மரத்துப்போகிறான், துணிந்தவள் நடுங்குகிறாள். இப்படி இடம் மாறிக்கொண்டதை இருவருமே வாய்விட்டுச் சொல்வதில்லை, படிமம் சொல்லிவிடுகிறது.

அணிகள் இல்லாவிட்டாலும் துன்பியல்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னனைக் கொன்று அரியணை ஏறியவன் கடைசியில் வீழ்ந்த கதை ஷேக்ஸ்பியர் எடுத்தாண்ட ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலிலேயே இருக்கிறது. பேராசை பிடித்த மனைவியும் அதில் உண்டு. தூக்கத்தில் கை கழுவும் பெண் அதில் இல்லை. அவளை ஷேக்ஸ்பியர்தான் படைத்தார். கதையை ஹாலின்ஷெட்டிடமே வாசித்துக்கொள்ளலாம், நாம் இந்த நாடகத்தைத் தேடி வருவது அவளுக்காக.

ஆடைப் படிமத்தை 1935-லேயே விமர்சகர் கரோலின் ஸ்பர்ஜன் விரிவாக எழுதிவிட்டார். முதல் அங்கத்தில் இரவல் உடையை எனக்கு ஏன் உடுத்துகிறீர்கள் என்று கேட்பவன் மக்பெத்தேதான். ஐந்தாம் அங்கத்தில் அவன் பட்டம் குள்ளத் திருடன்மேல் தொங்கும் ராட்சதன் அங்கியாக இருக்கிறது என்கிறான் ஆங்கஸ் என்ற பிரபு. அங்கேயும் வாய் மாறுகிறது.

அப்புறம், வசனத்தை மட்டும் வாசிக்காதீர்கள். முதல் அங்கம், நான்காம் காட்சி. துரோகம் செய்து செத்த, காடர் என்ற பகுதியின் தலைவனைப் பற்றி டங்கன் பேசுகிறான்: முகத்தைப் பார்த்து மனதை அறியும் கலை எதுவும் இல்லை, அவனை நான் முழுதாக நம்பியிருந்தேன். அந்தப் பேச்சு முடியும் இடத்தில் மக்பெத் உள்ளே நுழைகிறான். காடர் பட்டம் இப்போது அவனுடையது. டங்கன் அவனையும் முழுதாக நம்பி வரவேற்கிறான். உவமையும் இல்லை, உருவகமும் இல்லை. ஒருவன் உள்ளே வருகிறான், எனக்கு ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசைகிறது.

அடுத்து 'லியர் அரசன்' வாசியுங்கள். முதல் காட்சியில் என் கண்முன் நிற்காதே என்று லியர் தன் விசுவாசமான பிரபு கென்ட்டை விரட்டுகிறான். இன்னும் நன்றாகப் பாருங்கள் என்கிறான் கென்ட். அந்தக் கண்ணைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் அங்கத்தில் கண்கள் பிடுங்கப்படும் குளோஸ்டர் பிரபு வரைக்கும் போங்கள். என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.