காணிக்கைக் கணக்கைக் கேட்கலாமா?

கேள்வி: எங்கள் சுயாதீன சபையில் காணிக்கைக் கணக்கைக் கேட்டால், "அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதே" என்கிறார் போதகர். டிரஸ்டில் அவரும் மனைவியும் மகனும்தான். ஆடிட்டர் வருடாவருடம் பார்க்கிறாராம். அது போதாதா?

பதில்: போதாது. எழுதி வைத்ததைத்தான் ஆடிட்டர் பார்ப்பார். பையிலிருந்து எண்ணும் மேசைக்கே வராத பணம் அவர் கண்ணில் படாது. ஆகவே காவல் வேண்டியது ஞாயிறு ஆராதனை முடிந்த அந்த அரை மணி நேரத்துக்கு. உறவினரல்லாத இருவர் அங்கேயே எண்ண வேண்டும். 500 எத்தனை, 100 எத்தனை என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு பிரதி பொருளாளருக்கு, இன்னொன்று செயலாளருக்கு. எண்ணுபவர்களை மாற்றிக்கொண்டே இருங்கள்.

பல சபைகள் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்: பையிலிருந்தே கரண்ட் பில்லும் சவுண்ட் சிஸ்டம் வாடகையும் கொடுத்துவிட்டு மிச்சத்தை வங்கியில் போடுவார்கள். அப்புறம் எண்ணிய தாளும் பாஸ்புக்கும் ஒருநாளும் ஒத்துவராது. வந்தது முழுவதும் திங்கட்கிழமை வங்கிக்குப் போகட்டும்; செலவு காசோலையில் நடக்கட்டும். காசோலையில் இரண்டு கையெழுத்து வேண்டும். கணவனும் மனைவியும் போட்டால் அது இரண்டு ஆகாது! சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையையும் ஸ்கேன் செய்யுங்கள். யார் பெயர் வருகிறது என்று தெரிந்துவிடும்.

போதகர் சொல்லும் வசனத்துக்கு வருவோம். சங்கீதம் 105:15, பரதேசிகளாய்த் திரிந்த ஆபிரகாம் முதலான முற்பிதாக்களை ஒடுக்காதபடி ராஜாக்களுக்குச் சொல்லப்பட்டது. அபிஷேகம்பண்ணப்பட்ட ராஜா என்று சவுலின் மேல் கைபோட மறுத்த தாவீதே, அறுத்த சால்வைத் தொங்கலைக் காட்டி அவனிடம் நியாயம் கேட்டான் (1 சாமுவேல் 24). பவுலும் எருசலேமுக்கான தர்மப்பணத்தைத் தன் கையில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. தீத்துவோடு இரு சகோதரரை அனுப்பினார். அதில் ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்தவர் (2 கொரிந்தியர் 8).

டிரஸ்ட் பத்திரத்தை வாங்கிப் படியுங்கள். நிறுவனரே ஆயுட்கால நிர்வாகி, அவருக்குப் பின் மகன் என்றிருந்தால் விசுவாசிகளுக்கு ஓட்டே இல்லை. குடும்பத்துக்கு வெளியே பெரும்பான்மை டிரஸ்டிகள் வேண்டும் என்பதை எழுத்தில், நாலைந்து குடும்பங்களாகச் சேர்ந்து கேளுங்கள். தனியாகப் போனால் 'கலகக்காரன்' பட்டம்தான் கிடைக்கும்.

கேள்வி: ஊழியர் மீது ஞாயிறு பள்ளிச் சிறுமி ஒருத்தி புகார் சொல்கிறாள். குற்றம் செய்தவரிடம் தனியே பேசு என்னும் மத்தேயு 18-இன்படி முதலில் அவரிடம் தனியே பேசலாமா?

பதில்: கூடாது. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம்; மறைப்பதே தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் அழைக்கலாம். சபையை நடத்தும் மூப்பர்கள் சிறுமியைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். அந்த ஊழியரை அன்றே பிள்ளைகள் ஊழியத்திலிருந்து விலக்கிவையுங்கள்.